மேலே இருந்தவள்

ஜோனத்தானின் உடல் கிடைக்கவே இல்லை.

சங்கராந்தி விடுமுறையில் அவனும் அவனோடு வேலை பார்த்த புத்தூர் கல்லூரி வாத்தியார்கள் சிலரும் வேன் பிடித்து வாக்காடு பக்கம் கடற்கரைக்குப் போனார்கள். பழைய கலங்கரை விளக்கத்துக்கு நேர் எதிரே குளிக்க இறங்கினார்கள். ஏறி வந்தவர்களில் அவன் இல்லை. மீனவர்கள் படகு எடுத்துப் போய்த் தேடினார்கள். போலீஸ் வந்தது, படம் எடுத்தது, போனது. கடைசியில் சித்தூர் சபையில் வெறும் புகைப்படத்தை வைத்து நினைவு ஆராதனை நடத்தினார்கள். கோயில் நிறைய ஆட்கள் அழுதார்கள். அவனுடைய மனைவி கேசியா மட்டும் அழவில்லை.

"அடக்கம் பண்ண உடம்பே இல்ல. எதுக்கு அழணும்?" என்று அக்கா ஜெயசீலியிடம் கேட்டாள்.

புத்தூர் வீட்டைக் காலி செய்து தங்கையைச் சித்தூருக்குக் கூட்டி வந்தவள் ஜெயசீலிதான். அவள் மாம்பழக் கூழ் ஆலையில் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபோது கேசியா பள்ளிக்கூடம்கூடச் சேராத குழந்தை. அவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, படிக்கவைத்து, ஜோனத்தான் கையில் பிடித்துக் கொடுப்பதற்குள் தன் வயது போய்விட்டது. அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. வளர்த்த பிள்ளை இப்படிக் கல்லாகத் திரும்பி வருவாள் என்பதுதான் அவள் நினைத்துப் பார்க்காதது.

கேசியா திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டாள். வைத்ததைத் தின்றாள், வைக்காவிட்டால் கேட்கவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் மட்டும் எழுந்து வாசலுக்கு ஓடினாள். "ஹலோ" என்பாள். பிறகு ஒன்றும் பேசாமல் எதிர்ப்பக்கம் பேசுவதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இப்படி ஒரு வருடம் போய், இன்னொன்றும் பாதிக்குமேல் போய்விட்டது.

ஆகஸ்ட் மாதம் மாங்காய் சீசன் முடிந்து ஆலையில் வேலை குறைந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கேசியா சொன்னாள்:

"அக்கா, அந்த எடத்த ஒரு வாட்டி பாக்கணும்."

எந்த இடம் என்று ஜெயசீலி கேட்கவில்லை. "போலாம்" என்றாள்.

*

தெருவிலேயே கார் வைத்திருந்த சுரேஷ்பாபுவிடம் வண்டி பேசினார்கள். விடியற்காலை கிளம்பி, திருப்பதி தாண்டி, காளஹஸ்தி தாண்டி, நாயுடுப்பேட்டையில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கடல் பக்கம் திரும்பினார்கள். இறால் குட்டைகள், வாய்க்கால்கள், சவுக்குத் தோப்புகள். அதற்கப்புறம் காற்றில் உப்பு ஏறியது. கேசியா பின் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள்.

கடைசிக் கிராமத்தைத் தாண்டியதும் தார்ச்சாலை மணலுக்குள் போய்விட்டது. முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடியில் இருக்கிறது, மேலே ஆள் உயரத்துக்கு மணல். சுரேஷ்பாபு இறங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான்.

"ஏமோ, தெரியல மேடம், இதுக்கு மேல வண்டி போனா நாளைக்கு நான் எர்த்மூவர் தான் தேடணும். நான் இங்கயே இருக்கேன். நீங்க நடந்து போய்ட்டு வாங்க."

பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டகை. அதன் நிழலில் ஒரு பெண் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயசீலி அவளிடம் தெலுங்கில் வழி கேட்டாள். அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"நாங்களும் வூட்ல தமிழு தாம்மா. என் பேரு செங்கமலம். லைட் ஹவுஸா? நேரா போங்க. கதவ மணல் மூடிக்கிச்சு, ஜன்னல் வழியா தான் நொழையணும். புது டவர் அந்தாண்ட கட்டிட்டாங்க, இத யாரும் பாக்கறதில்ல. வெயிலு சாயறதுக்குள்ள வந்துடுங்க. காத்து ஏறிச்சின்னா கண்ணத் தொறக்க முடியாது."

அவர்கள் நடக்கத் தொடங்கியபின் அவள் எழுந்து நின்று இன்னும் ஏதோ சொன்னாள். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. ஜெயசீலி சரி என்று கையைக் காட்டிவிட்டு நடந்தாள்.

மணல் கணுக்காலுக்குமேல் உள்வாங்கியது. ஒரு மேடு ஏறினால் அதன் பின்னால் இன்னொரு மேடு. பனைமரங்கள் கழுத்துவரை புதைந்து கிடந்தன. தரையிலேயே புதர்போல மட்டைகள் விரிந்திருக்க, குனிந்து குலையைத் தொடலாம்போல இருந்தது. ஓரிடத்தில் ஒரு வீட்டின் கூரை முகடு மட்டும் வெளியே தெரிந்தது. அதன்மேல் நடந்துதான் போக வேண்டியிருந்தது. காலடியில் ஓடு ஒன்று நொறுங்கியபோது, கீழே ஓர் அறை முழுக்க இருட்டு இருக்கும் என்று ஜெயசீலிக்குத் தோன்றி உடம்பு கூசியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வந்த காலடித் தடம் இல்லை. காற்று தரையை ஒட்டிப் புகைபோல மணலை ஓட்டிக்கொண்டிருந்தது. தடம் விழ விழ அது மூடிக்கொண்டே வந்தது.

"அக்கா, தோ" என்றாள் கேசியா.

கலங்கரை விளக்கம் ஜெயசீலி நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. தலையிலிருந்த விளக்கையும் கண்ணாடியையும் எப்போதோ கழற்றிப் போய்விட்டார்கள். இரும்புக் கூண்டு மட்டும் மிச்சம். மேற்குப் பக்கம் மணல்மேடு பாதிச் சுவர்வரை ஏறிப் படுத்திருந்தது. கிழக்கே சரிவு. சரிவுக்குக் கீழே கடல்.

கேசியா கடலைப் பார்க்கவில்லை. நேராகப் போய், மணல் மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்த ஜன்னலுக்குள் காலை விட்டு இறங்கினாள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. வெளியே அவ்வளவு வெயில் அடிக்கிறது என்பதை நம்ப முடியவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு கல் படிகள் மேலே போயின. கீழ்நோக்கிய படிகள் மணலுக்குள் இறங்கிக் காணாமல் போயின. காற்று மேலே எங்கோ நுழைந்து கீழே வருவதற்குள் மூச்சு மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஜெயசீலிக்கு மூட்டு வலி கண்டுவிட்டது. ஜன்னலை ஒட்டிய படியில் உட்கார்ந்தாள்.

"நீ இங்கயே இரு அக்கா. நான் மேல போய் ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

"பாத்து ஏறு. கைப்பிடி இல்ல."

கேசியாவின் பச்சைத் துப்பட்டா வளைவில் திரும்பி மறைந்தது. செருப்பின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

ஜெயசீலி காத்திருந்தாள். ஜன்னல் விளிம்பிலிருந்து மணல் நூல்போல அவள் மடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டாள். திரும்பவும் ஒழுகியது. ஜோனத்தானை நினைத்தாள். கல்யாணத்தன்று அவன் கோட்டு தோளில் பெரிதாக இருந்ததை நினைத்தாள். மேலே சத்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கேசியா! மேல போய்ட்டியா?"

"போய்ட்டேங்க்கா."

குரல் சுற்றிச் சுற்றி இறங்கி வந்தது. ஜெயசீலிக்கு உயிர் வந்தது.

"கடல் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"சரி, எறங்கி வா. போலாம்."

"நீயும் வாயேங்க்கா. மேல இன்னாமா காத்து வருது தெரியுமா!"

ஜெயசீலி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது. அவன் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. சின்ன வயதில் ரயில் ஜன்னலிலிருந்து 'அக்கா, அங்க பாரேன்' என்று கத்துவாளே, அந்தக் கேசியா. இங்கே வந்தது வீண் போகவில்லை என்று நினைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூட்டு வலியை மறந்து சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"இரு, வரேன்."

ஒரு சுற்று ஏறியதும் கடல் பக்கம் இன்னொரு ஜன்னல். மூச்சு வாங்க அங்கே நின்று வெளியே பார்த்தாள்.

சரிவில் ஒரு பெண் கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பச்சைத் துப்பட்டா காற்றில் பக்கவாட்டில் பறந்துகொண்டிருந்தது. நீளப் பின்னல். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நடக்கிற நடை. அந்த நடையை எந்தக் கூட்டத்திலும் ஜெயசீலி கண்டுபிடித்துவிடுவாள்.

அது கேசியா.

ஜெயசீலியின் கை கல்லில் ஒட்டிக்கொண்டது. இந்த ஜன்னல் உயரம்; வெளியே போகக் கீழே இருந்த அந்த ஒரு ஜன்னல்தான் இருக்கிறது. அதன் வாயில் இவள்தான் உட்கார்ந்திருந்தாள். இவளைத் தாண்டாமல் ஒரு பூனைகூட வெளியே போயிருக்க முடியாது.

அவள் கூப்பிடவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. மேலேயிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில்.

"அக்கா, அது நான் இல்ல."

ஜெயசீலி மேலே பார்த்தாள். வளைவு. இருட்டு. வெளியே பார்த்தாள். பச்சைத் துணி ஈர மணலுக்கு வந்துவிட்டிருந்தது.

"நான் இங்க தான் இருக்கேன். அத்தப் பாக்காத. மேல வாக்கா."

"ஆண்டவரே" என்றாள் ஜெயசீலி. வேறு ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. எது தன் தங்கை என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே இருப்பது பேசுகிறது, சிரிக்கிறது, கூப்பிடுகிறது. வெளியே போவது முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஆனால் வெளியே போவது தண்ணீருக்குள் போகிறது. மேலே இருப்பவள் கேசியாவாகவே இருந்தாலும் நாலு சுவருக்குள் பத்திரமாக இருக்கிறாள். தண்ணீருக்குப் போகிறவளுக்குத்தான் இப்போது ஆள் வேண்டும்.

அவள் படியிறங்கினாள். மேலே செருப்புச் சத்தம் தொடங்கியது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக, இறங்கி வந்துகொண்டிருந்தது.

ஜெயசீலி ஜன்னலுக்கு வெளியே தாவி மணலில் விழுந்து, எழுந்து, ஓடினாள்.

சரிவில் பாதி ஓடினாள், பாதி உருண்டாள். புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டாள். செருப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவள் ஈர மணலை எட்டும்போது கேசியாவுக்கு முழங்கால்வரை தண்ணீர். அடுத்த அலை இடுப்புக்கு வந்தது. அதற்கடுத்தது வருவதற்குள் ஜெயசீலி அவள் கையைப் பின்னாலிருந்து பிடித்துவிட்டாள்.

கேசியா திரும்பினாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போய்விட்டது. பிடித்த கையை வெடுக்கென்று உதறினாள். ஜெயசீலி விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்து போட்டாள். இருவரும் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"எதுக்குடி போன? சொல்லு, எதுக்குப் போன?"

கேசியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் அடித்துக்கொண்டது.

"நீ தான முன்னால போய்க்கினு இருந்த?"

"நானா?"

"பாதி தான் ஏறினேன். ஜன்னல்ல பாத்தா நீ கடலுக்குப் போய்க்கினு இருக்கற. எறங்கி வந்தேன். படியில உன்னக் காணல. யாருமே இல்ல அங்க. நீ தண்ணிக்குள்ள எறங்கின. நானும் எறங்கினேன். அப்பால..." அவள் கடலைப் பார்த்தாள். "அப்பால உன்னக் காணல."

ஜெயசீலி அவளைத் தூக்கி நிறுத்தினாள். "வா. பேசாத. வா."

காருக்குப் போக வேறு வழி கிடையாது. கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஜெயசீலி தங்கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கை ஐஸ்போல இருந்தது. தலையைக் குனிந்து மணலைப் பார்த்தே நடந்தாள். ஜன்னலைத் தாண்டினார்கள். மேற்குப் பக்க மேட்டில் ஏறினார்கள். முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்குச் சற்று உள்ளேயிருந்து, அந்தக் குரல் கேட்டது. இப்போது அதில் சிரிப்பு இல்லை. அழுகிற மாதிரி இருந்தது.

"அக்கா... யாரக் கூட்டிக்கினு போற?"

ஜெயசீலி நிற்கவில்லை. கேசியாவும் நிற்கவில்லை. அவளுக்குக் கேட்டதா என்று ஜெயசீலிக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

*

காளஹஸ்தியில் காபிக்கு நிறுத்தினார்கள். கேசியா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, "பசிக்குது அக்கா, இட்லி துன்னலாமா?" என்றாள். தானாக வாய் திறந்து அவள் சாப்பாடு கேட்டது இவ்வளவு நாளில் அதுதான் முதல் தடவை. ஜெயசீலிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இட்லியைப் பிய்க்கிற அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கேசியா தேறினாள். தேறினாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். சித்தூரிலேயே ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். சபையில் பாட்டுக்குழுவில் நின்றாள். போன் வந்தால் ஓடுவதில்லை. "கர்த்தர் உன் ஜெபத்தைக் கேட்டாரு ஜெயசீலி" என்று போதகரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஜெயசீலி தலையாட்டினாள்.

கேசியா வெங்காயம் நறுக்கும்போது ஜெயசீலி பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு நறுக்குகிறாளா? நறுக்கினாள். காதுக்குப் பின்னால் பழைய தழும்பு இருக்கிறதா? இருந்தது. பேச்சோடு பேச்சாகப் பழைய கதைகளை இழுத்துப் பார்த்தாள். அம்மா கடைசியாகச் சொன்னது என்ன, நாராயணவனம் போன பஸ்ஸில் யார் வாந்தி எடுத்தது. கேசியா எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். ஆனால் மேலே இருந்தவளும் சொல்லியிருப்பாளே என்று தோன்றும். அதோடு வந்த நிம்மதியும் அற்றுப்போகும்.

ஆலையில் மாதிரிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். இருட்டுப் படியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அக்கா வருவாள் என்று உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மணல் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. அதுதான் அவளை அதிகமாக அலைக்கழித்தது. கேசியா அவளைப் பார்த்தாள். மத்தியானம் கண்ணயர்ந்து விழித்தால், கதவருகே கேசியா அசையாமல் நின்று இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னாடி?" என்றால், "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவாள். ஒருநாள் கண்ணாடி முன்னால் ஜெயசீலி கொண்டை போடும்போது, பின்னால் நின்று கண்ணாடியில் இவளையே பார்த்தாள். இவள் கண் பட்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அக்டோபரில் மழை தொடங்குவதற்குமுன், கம்பெனி வேலையாகத் திருப்பதி போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஜெயசீலி சுரேஷ்பாபுவின் காரில் ஏறினாள்.

*

செங்கமலம் அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"தங்கச்சி வரலியா?"

அந்த ஒரு கேள்வியில் ஜெயசீலி உடைந்துபோனாள். கொட்டகை நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போதகரிடம்கூடச் சொல்லாததை, பேர் தவிர ஒன்றும் தெரியாத ஒரு கருவாட்டுக்காரியிடம் சொன்னாள். செங்கமலம் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்கே சொன்னேனே. காதுல விழலியா? அங்க யாரும் பேரு சொல்லிக் கூப்புட மாட்டோம். ஆம்பளைங்களும் மாட்டாங்க. கை தட்டுவோம், அவ்ளோதான். பேர் சொன்னா எதுனா ஒண்ணு வந்து பதில் சொல்லும்."

"எது?"

"யாரு கண்டா? போய்ப் பாத்தவங்க யாரும் வந்து சொல்லலியே." அவள் எழுந்து முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டாள். "வா, நானும் வரேன்."

போன தடவை பார்த்த பனைமட்டைகள் இப்போது இல்லை. கூரை முகடும் இல்லை. மணல் வேறு இடத்தில் வேறு மேடாக எழுந்திருந்தது. கலங்கரை விளக்கம் மட்டும் அங்கேயே இருந்தது, ஆனால் குட்டையாகிவிட்டதுபோல. ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னல் இல்லை. மணல் அதை மூடி அதற்கு மேலும் ஏறியிருந்தது.

செங்கமலம் கையைத் தட்டினாள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. ஒன்றும் இல்லை.

ஜெயசீலி மண்டியிட்டாள். தோண்டத் தொடங்கினாள். ஒரு கை அள்ளினால் இரண்டு கை மணல் வந்து விழுந்தது. நகம் கிழிந்தது. செங்கமலமும் கூட உட்கார்ந்து கொஞ்ச நேரம் தோண்டினாள். குழி, குழியாகவே நிற்கவில்லை. கடைசியில் ஜெயசீலி சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, சொல்லக்கூடாது என்று தெரிந்தே, சொன்னாள்.

"கேசியா."

செங்கமலம் பதறி அவள் தோளைப் பிடித்தாள். இருவரும் காத்திருந்தார்கள். சுவருக்குள் மணல் எங்கோ சரிகிற சத்தம். அது நின்றது. அப்புறம் காற்று மட்டும்.

"பதில் வரல இல்ல?" என்றாள் செங்கமலம். "எழுந்திரு. வீட்ல ஒருத்தி இருக்கால்ல, அவளப் போய்ப் பாரு."

*

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். கேசியா சமையலறையில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அக்காவின் புடவைக் கொசுவத்திலிருந்து தரையில் மணல் கொட்டியது. கேசியா அடுப்பை அணைத்தாள்.

"அங்க போனியா?"

"ம்."

"எதுக்கு?"

ஜெயசீலி கதவில் சாய்ந்து நின்றாள். இனிமேல் மறைக்க அவளிடம் தெம்பு இல்லை. "மேல ஒருத்தி இருந்தா, கேசியா. உன் கொரல்ல பேசினா. 'அது நான் இல்ல'ன்னா. நான் அவள அங்கயே வுட்டுட்டு உன்னக் கூட்டிக்கினு வந்தேன். வர்ற வழியில, யாரக் கூட்டிக்கினு போறன்னு கேட்டா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன நாளா உன்னப் பாத்துக்கினே இருக்கேன். என்ன மன்னிச்சுடு. உன்ன வளத்தவ நான். எனக்கே தெரியல."

கேசியா கரண்டியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வரவில்லை.

"தண்ணியில என் கையப் புடிச்சியே, அப்போ பின்னாலருந்து ஒரு கொரல் கேட்டுச்சி. கடலுக்குள்ளருந்து" என்றாள். "உன் கொரல். 'கேசியா, அது நான் இல்ல'ன்னுது."

ஜெயசீலி அவளையே பார்த்தாள்.

"அதான் கைய ஒதறினேன். நீ வுடல. இழுத்துக்கினு வந்துட்ட. நீ தூங்கும்போதெல்லாம் வந்து பாப்பேன். மூச்சு வுடறியா, கொறட்ட அதே மாதிரி இருக்கா. எங்க அக்கா அந்தத் தண்ணியில நின்னுக்கினு என்னக் கூப்புட்டுக்கினே இருக்கான்னு ஒரு நெனப்பு. வெளிய காட்டல. காட்டினா நீ..." அவள் முடிக்கவில்லை.

வெளியே வேலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்புறம் ஏன் கூட இருந்த?" என்று கேட்டாள் ஜெயசீலி.

"இன்னா பண்றது? காளஹஸ்தியில என் இட்லிக்கு உன் சட்னியையும் எட்த்து ஊத்தின. யாரா இருந்தா இன்னா, அக்கா மாதிரி தான இருக்கான்னு நெனச்சேன்." கேசியாவின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "நீ ஏன் என்ன வெச்சிக்கின?"

"தண்ணிக்குப் போனவ நீ தான. மேல இருந்தவ போகலியே."

அப்போதுதான் கேசியா அழுதாள். ஜோனத்தான் போனதிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மணல் கொட்டிய இடத்திலேயே அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு, அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஜெயசீலி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தலை கனமாகவும் சூடாகவும் இருந்தது. குழம்பு ஆறிப்போனது.

சந்தேகம் அன்றோடு தீர்ந்தது என்று சொல்ல முடியாது. சில நாட்களில் ஒருத்தி மற்றவளைப் பார்ப்பாள். ஆனால் இப்போது ஒளிந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. "இன்னா, நான் தானான்னு பாக்கறியா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

ஜனவரியில் சபைக் கல்லறைத் தோட்டத்தில் ஜோனத்தானுக்கு ஒரு கல் நட்டார்கள். கேசியாதான் கேட்டாள். அடியில் ஒன்றும் இல்லை, வெறும் செம்மண்தான். அவன் பேரும், பிறந்த நாளும், கடலுக்குப் போன நாளும் மட்டும் கல்லில். போதகர் வசனம் வாசித்து ஜெபித்துவிட்டுப் போனார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அக்காவும் தங்கையும் மட்டும் மிஞ்சினார்கள்.

நல்ல வெயில். காற்று கொஞ்சமும் இல்லை. வேப்ப மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

கேசியா கல்லுக்கு நேராக நின்று, பக்கத்து அறையில் இருக்கிறவனைக் கூப்பிடுவதுபோல, சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஜோனத்தான்."

ஜெயசீலியின் கை தானாகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ரொம்ப நேரம் கேட்டார்கள்.

யாரும் பதில் சொல்லவில்லை.

"போலாமா?" என்றாள் கேசியா.

"போலாம்" என்றாள் ஜெயசீலி. கையை விடாமலே இருவரும் கேட்டை நோக்கி நடந்தார்கள்.